சட்டாம்பிள்ளையும் ஆசிரியர் சங்கமும்: ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தொடங்கும் ஒரு முன்கதை

தென்னிந்தியாவில் ஆசிரியர் பயிற்சியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1856இல் தொடங்குவர். சென்னையில் அரசு நார்மல் பள்ளி திறக்கப்பட்ட ஆண்டு அது. 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை அதற்கு முன்னுரை, சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி அதன் தொடர்ச்சி என்று கதை நேராகச் செல்லும். இந்த நேர்கோட்டில் ஒரு குறை உண்டு. பயிற்சி என்பதை அரசு ஆசிரியருக்கு வழங்கும் ஒன்றாகவே அது காண்கிறது. ஆசிரியர் ஆசிரியரிடம் கற்பது, பலர் ஓரிடத்தில் கூடித் தம் தொழிலைத் தாமே ஆராய்வது ஆகியவை அந்தக் கதையில் பிற்சேர்க்கையாகவே இடம்பெறுகின்றன. இதன் காரணத்தை அறிய 1856க்கும் அறுபது ஆண்டுகள் முந்தைய ஒரு காலத்திற்கு, மைசூர்ப் போர்களின் நடுவே, செல்ல வேண்டியிருக்கிறது.

1792 பிப்ரவரியில் கார்ன்வாலிஸின் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டது. மார்ச் 18இல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியையும் மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாயையும் தர இசைந்தார். பணம் தீரும்வரை அவருடைய இரு புதல்வர்கள், அப்துல் காலிக்கும் முயிசுத்தீனும், பிணையாகச் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். அந்தச் சிறுவர்களைக் கார்ன்வாலிஸ் கைப்பிடித்து வரவேற்கும் காட்சியை ராபர்ட் ஹோம் உள்ளிட்ட ஓவியர்கள் பலமுறை தீட்டினர். பேரரசின் பெருந்தன்மைக்குச் சான்றாக அந்த ஓவியங்கள் இலண்டனில் உலவின. கல்வி வரலாற்றுக்குப் பயன்படுவது அந்தக் காட்சியன்று. யாரும் தீட்டாத திரும்புபயணம்.

1794 மார்ச்சில் கேப்டன் டவுட்டன் இளவரசர்களை அழைத்துக்கொண்டு தேவனஹள்ளிக்குச் சென்று, அங்கு முகாமிட்டிருந்த திப்புவிடம் ஒப்படைத்தார். அந்தத் தூதுக்குழுவில் வில்லியம் ஸ்மித் என்னும் பதின்வயது மாணவன் ஒருவனும் இருந்தான். எழும்பூரில் இயங்கிய இராணுவ ஆண் அனாதை இல்லத்தில் பயின்றவன். அவனுடன் சென்றது, சென்னை அரசு சுல்தானுக்குப் பரிசாக அனுப்பிய கணித, இயற்பியல் கருவிகளின் தொகுதி. சுல்தானின் முன்னிலையில் அந்தக் கருவிகளைக் கொண்டு சோதனைகளைச் செய்துகாட்டுவது ஸ்மித்தின் பணி. டவுட்டன் திரும்பிய பின்னரும் அவன் சில நாட்கள் அங்கேயே தங்கி, அரசவையைச் சேர்ந்த இருவருக்கு அவற்றைக் கையாளும் முறையைக் கற்பித்தான்.

ஆசிரியன் ஒருவன், கற்போர் இருவர், நடுவே கருவிகள். பயிலரங்கு என்று இன்று சொல்லப்படுவதன் மிகச் சிறிய வடிவம் இது. பகை நாட்டு அரசவை ஒன்றில், போர்ப் பிணை மீட்பின் ஓரத்தில், ஓர் அனாதைப் பள்ளி மாணவன் வயது வந்த அதிகாரிகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறான். அவனை அதற்குத் தயாரித்தவர் ஆண்ட்ரூ பெல்.

பெல் 1753இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ஒரு நாவிதரின் மகனாகப் பிறந்தவர். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சில ஆண்டுகள் வீட்டாசிரியராக இருந்து, பின்னர் பாதிரியாராகி, 1787இல் சென்னை வந்தார். வந்த புதிதில் இயற்பியல் சொற்பொழிவுகள் நடத்திப் பொருளீட்டினார். ஸ்மித்தின் சோதனைகளுக்கு மூலம் அதுவே. 1789இல் ஆண் அனாதை இல்லம் தொடங்கப்பட்டபோது ஊதியம் பெறாமல் அதன் கண்காணிப்பாளர் ஆனார். எழும்பூர் இரயில் நிலையம் இன்று நிற்கும் இடத்தில் இருந்த சிறு கோட்டையில் இல்லம் இயங்கியது. அங்கிருந்த சிறுவர்கள் கம்பெனிப் படைவீரர்களின் பிள்ளைகள். தந்தையர் ஐரோப்பியர், தாய்மார் பெரும்பாலும் இந்தியப் பெண்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கி மீண்டும் மீண்டும் நடந்த படையெடுப்புகளின் காலத்துப் பிள்ளைகள் அவர்கள்.

பெல்லின் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு பற்றி அவரே சொன்ன கதை எளியது. ஒரு நாள் காலையில் குதிரைமேல் செல்கையில், ஒரு ‘மலபார்’ பள்ளியில் பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அக்கால ஐரோப்பியர் வழக்கில் சென்னைப் பகுதியில் ‘மலபார்’ என்றால் தமிழ் அல்லது தமிழர் என்றே பொருள். கேரளத்தைத் தேட வேண்டியதில்லை. மணலெழுத்தைத் தம் பள்ளியில் புகுத்துமாறு பெல் தம் துணையாசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் முடியாது என்றனர். பெல் அந்த வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் ஒப்படைத்தார். சிறுவன் நடத்திக்காட்டினான். அதன்பின் ஒவ்வொரு வகுப்பும் ஒரு மாணவன் பொறுப்பில் விடப்பட்டது; வளர்ந்த ஆசிரியர்கள் மேற்பார்வைக்கும் ஒழுங்குக்குமென ஒதுக்கப்பட்டனர்.

பெல்லின் வாழ்க்கை வரலாறுகளில் அந்த ஆசிரியர்கள் முரடர்களாக, சோம்பேறிகளாக, புதுமையை வெறுப்பவர்களாக வந்து போகிறார்கள். அவர்கள் ஏன் மறுத்தனர் என்று அந்த நூல்கள் நின்று கேட்பதில்லை. அற்ப ஊதியம் பெற்றவர்கள் அவர்கள். ஓரளவு தேர்ச்சி பெற்றதும் அவர்களுக்கு வெளியே கூடுதல் ஊதியத்தில் வேலை கிடைத்துவிடும் என்பதைப் பெல்லே அறிந்திருந்தார். மேலிருந்து ஒருவர், தாம் குதிரைமேலிருந்து கண்ட ஒரு முறையைக் கொண்டுவந்து, நாளை முதல் இப்படிச் செய்யுங்கள் என்கிறார். அவர்கள் தயங்குகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கு மாறாக, தயங்கத் தெரியாத ஒரு குழந்தையை அவர் தேர்ந்தெடுக்கிறார். குழந்தைகளிடம் தமக்குப் பிடித்தது அவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்வதே என்ற பொருளில் பெல் வெளிப்படையாகவே எழுதினார். நவீனக் கல்வி நிர்வாகத்தின் அடித்தளத்தில் இருக்கும் ஒரு மனப்பாங்கு இங்கே முதன்முறை தெளிவாகத் தெரிகிறது. கற்பித்தல் முறையை வகுப்பவர் ஒருவர், அதைச் செய்பவர் மற்றொருவர். செய்பவருக்குக் கருத்து இருப்பது இடையூறு.

தமிழ் வாசகருக்கு இக்கதையில் இன்னொரு வியப்பு உண்டு. பெல் தாம் கடன்பட்டதாக ஒப்புக்கொண்டது மணலை மட்டுமே. மாணவன் மாணவனுக்குக் கற்பிப்பது தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்றார். திண்ணைப் பள்ளியில் படித்த எவரும் இதைக் கேட்டுப் புன்னகைத்திருப்பர். அங்கே சட்டாம்பிள்ளை இருந்தான். வாத்தியார் இல்லாத வேளையில் பள்ளியை நடத்துபவன், இளையோருக்கு எழுத்தும் எண்சுவடியும் சொல்லிக்கொடுப்பவன், முறையாடுபவன், பிரம்புக்கும் உரியவன். சட்டாம்பிள்ளையின் அதிகாரத்தை உ.வே.சாமிநாதையரும் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். 1623இல் இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே, இன்றைய கர்நாடகத்தின் இக்கேரி நோக்கிச் செல்லும் வழியில், ஒரு கோயில் முன்மண்டபத்தில் நான்கு சிறுவர்கள் மணல் தூவிய தரையில் எழுதிக்கொண்டும் இசையாகச் சொல்லிக்கொண்டும் கணக்குப் பயில்வதைக் கண்டார். ஆசிரியர் யாரும் அருகில் இல்லை. ஐயம் வந்தால் யார் திருத்துவர் என்று அவர் கேட்டதற்கு, நால்வருக்கும் ஒரே இடத்தில் ஐயம் வர வாய்ப்பில்லை என்ற கருத்தில் அவர்கள் விடை சொன்னார்கள். பெல் சென்னையில் இறங்குவதற்கு 164 ஆண்டுகள் முந்தைய பேச்சு இது.

பெல் சட்டாம்பிள்ளையைத் திண்ணையிலிருந்து எடுத்தாரா, தாமே கண்டாரா என்ற வழக்கு தரம்பாலின் ‘அழகிய மரம்’ 1983இல் வெளிவந்த பின் மீண்டும் சூடுபிடித்தது. அந்த வழக்கில் தீர்ப்பைவிட வேறொன்று முக்கியமானது. திண்ணையில் சட்டாம்பிள்ளை வாத்தியாரின் நீட்சி. தன் பாடத்தை வாத்தியாரிடம் நேரே கேட்டவன் அவன்; வாத்தியார் அவனுக்குப் பக்கத்தில்தான் இருப்பார். எழும்பூரில் மாணவத் தலைவன் ஆசிரியருக்கு மாற்று. பெயரும் தோற்றமும் ஒத்திருந்தும் உறவு தலைகீழானது. திண்ணையின் பெருமையைப் பேசுவோர் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகின்றனர். திண்ணை எல்லாச் சாதியாருக்கும் எல்லாப் பெண்களுக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் அவர்களுள் பலர் சேர்த்தே தவறவிடுகின்றனர்.

1796இல் இல்லத்தில் ஏறத்தாழ 200 சிறுவர்கள் இருந்த நிலையில் பெல் இங்கிலாந்து திரும்பினார். மறு ஆண்டே ‘கல்வியில் ஒரு சோதனை’ என்ற சிறு நூலை வெளியிட்டார். ஸ்மித் மைசூர் சென்ற செய்தியையும் முறையின் வெற்றிக்குச் சான்றாக அவர் பயன்படுத்திக்கொண்டார். 1798இல் ஜோசப் லங்காஸ்டர் இலண்டனின் பரோ சாலையில் தம் பள்ளியைத் தொடங்கினார். இருவருக்குமிடையே யார் முதல்வர் என்ற பூசல் பல ஆண்டு நடந்தது. அது இங்கே தேவையில்லை. 1811இல் திருச்சபையின் ஆதரவுடன் தேசியக் கழகம் தோன்றிப் பெல்லின் ‘மெட்ராஸ் முறை’யை நாடெங்கும் பரப்பியது. தொழிற்புரட்சி நகரங்களின் ஏழைப் பிள்ளைகளை மிகக் குறைந்த செலவில் பள்ளிக்குக் கொண்டுவர அது உதவியது. ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான மாணவர்கள், இடையே சம்பளமில்லாத சிறுவர் படை. இம்முறையில் பணிபுரிய வேண்டிய ஆசிரியர்கள் இலண்டனின் மையப் பள்ளிக்கு வந்து, சில வாரங்களோ மாதங்களோ, மாணவரோடு மாணவராக வகுப்பில் அமர்ந்து முறையைப் பழகிச் சென்றனர். சிறுவன் நடத்தும் வகுப்பில் வளர்ந்த ஆசிரியர் பாடம் கேட்டார். முறையை அவர் மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். அதைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

ஸ்ரீரங்கப்பட்டணம் 1799 மே 4 அன்று வீழ்ந்தது. மைசூரை மறுசீரமைக்க நியமிக்கப்பட்ட ஆணையத்தின் செயலாளர்கள் இருவருள் ஒருவர் தாமஸ் மன்றோ. மற்றவர் ஜான் மால்கம். உடையார் மரபுக்கு அரசு திரும்பியது. தீவு மட்டும் கம்பெனியிடம் இருந்தது. இந்த ஒதுக்கீட்டின் எதிர்பாராத பயன் ஒன்று இருபத்து மூன்று ஆண்டு கழித்துத் தெரிந்தது. 1822 ஜூன் 25 அன்று, இப்போது சென்னை ஆளுநராகிவிட்ட மன்றோ, மாகாணத்தின் எல்லா மாவட்டங்களிலும் உள்ள பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். தீவு கம்பெனியின் நேரடி ஆட்சியில் இருந்ததால் அங்கிருந்தும் கணக்கு வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் துணை ஆட்சியர் அந்த ஆண்டு அக்டோபரிலேயே விடை அனுப்பினார். மக்கள் தொகை 31,612, பள்ளிகள் 41, மாணவர் 627, அவர்களுள் பெண்கள் 14 பேர்.

போரில் சிதைந்து, காய்ச்சலுக்குப் பெயர்போன ஊராகி, படைத்தளமும் பெங்களூருக்குப் பெயர்ந்துவிட்ட ஒரு தீவில் 41 பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன என்பது கவனிக்கத்தக்கது. அதாவது 41 ஆசிரியர்களாவது அங்கே இருந்திருக்க வேண்டும். மன்றோவின் படிவம் கேட்டது பள்ளிகளின் எண்ணிக்கை, மாணவரின் எண்ணிக்கை, மாணவர் ஆணா பெண்ணா, அவர்களின் சாதி என்ன என்பவற்றை. பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முஸ்லிம் என்று பத்தி பத்தியாகப் பிள்ளைகள் எண்ணப்பட்டனர். அந்த அட்டவணையில் ஆசிரியருக்கென்று ஒரு பத்தி இல்லை.

மாகாணம் முழுவதையும் சேர்த்து 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் கணக்கில் வந்தனர். பெல்லாரி ஆட்சியர் காம்ப்பெல் 1823 ஆகஸ்டில் அனுப்பிய அறிக்கை இத்தொகுப்பில் தனித்து நிற்கிறது. தம் மாவட்டத்தின் 533 பள்ளிகளில் மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிப்பதையும், அதனால் தம் அறிவையும் உறுதிப்படுத்திக்கொள்வதையும் அவர் பாராட்டினார். இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்றும் சேர்த்தார். சென்னையிலிருந்து கப்பலேறிச் சென்ற முறை ஆவணத்தின் வழியே ஊர் திரும்பிய கணம் அது. அதே அறிக்கையில், பள்ளிகளில் ஓதப்படும் செய்யுள் நடை மாணவருக்கு மட்டுமன்றி ஆசிரியருக்கே விளங்குவதில்லை என்ற குறையும் உண்டு. இரண்டையும் ஒருங்கே படித்தால்தான் காம்ப்பெல்லின் நேர்மை விளங்கும். முதலதை மட்டும் மேற்கோள் காட்டுவோர் மிகுதி.

இந்தப் பெருந்தொகுப்பிலிருந்து மன்றோ எடுத்த முடிவு 1826 மார்ச் 10 நாளிட்ட அவரது குறிப்பில் உள்ளது. அவருடைய பிற நடவடிக்கைகள் எப்படியிருப்பினும், ஓர் உண்மையை அவர் நேராகக் கண்டார். சிக்கல் முறையில் இல்லை, ஊதியத்தில் இருக்கிறது. ஆசிரியர் மாதம் ஆறு, ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை. தகுதியுள்ளவரை இத்தொழிலுக்கு இழுக்க இது போதாது. எனவே சென்னையில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒரு மையப் பள்ளி, ஒவ்வொரு மாவட்டத்திலும் இரண்டு தலைமைப் பள்ளிகள், வட்ட அளவில் 300 பள்ளிகள் என்று திட்டமிட்டார். மாவட்டப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய், வட்டப் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய். மாகாணத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆசிரியராகப் போகிறவர்கள் ஒரே இடத்தில் கூடிப் பயின்று ஊர் திரும்புவர் என்பது அதன் உட்கிடை.

மன்றோ 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் இறந்தார். திட்டம் நொண்டியது. 1836இல் மாவட்ட, வட்டப் பள்ளிகள் மூடப்பட்டன. ஆங்கிலக் கல்வியை முன்னிறுத்திய புதிய கொள்கைக்குத் தாய்மொழிப் பள்ளி ஆசிரியர் தேவைப்படவில்லை. சென்னையின் மையப் பள்ளி வடிவம் மாறி, பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்த உயர்நிலைப் பள்ளியின் கதையில் கலந்தது. ஆசிரியருக்காகத் தொடங்கிய ஒன்று பட்டதாரிகளுக்கானதாக முடிந்தது.

பெல்லின் கதைக்கு ஒரு பின்னிணைப்பு உண்டு. 1832இல் இறந்தபோது அவர் ஏறத்தாழ 1,20,000 பவுண்டைக் கல்விக்கென விட்டுச் சென்றார். செயின்ட் ஆண்ட்ரூஸில் 1833இல் திறக்கப்பட்ட பள்ளிக்கு ‘மெட்ராஸ் கல்லூரி’ என்றே பெயர். இன்றும் அப்பெயரில் இயங்குகிறது. 1876இல் எடின்பரோவிலும் செயின்ட் ஆண்ட்ரூஸிலும் பிரிட்டனின் முதல் கல்வியியல் பேராசிரியர் இருக்கைகள் அவர் அறக்கட்டளைப் பணத்தில் நிறுவப்பட்டன. ஆசிரியரைத் தவிர்க்க ஒரு முறை கண்டவரின் பணத்தால், ஆசிரியருக்குத் தனித்த அறிவுத்துறை ஒன்று உண்டு என்பது பல்கலைக்கழகத்தில் நிலைபெற்றது. அதற்குள் மாணவத் தலைவர் முறை இங்கிலாந்திலேயே செல்வாக்கிழந்து, 1846 முதல் பயிற்சி மாணவ ஆசிரியர் முறைக்கு இடம்விட்டிருந்தது.

சென்னை மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதி ஆசிரியருக்கு வேறொரு நெருக்கடியைக் கொண்டுவந்தது. தேர்வு முடிவைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம் என்ற முறை அது. ஆய்வாளர் வந்து பிள்ளைகளைச் சோதித்து, தேறிய தலைகளை எண்ணிப் பணம் வழங்குவார். ஆசிரியரின் கூலி அந்த ஒரு நாளில் தொங்கியது. பயிற்சிக் கல்லூரி அவருக்கு முறை சொல்லிக்கொடுத்தது. மானிய விதி அவரை மனப்பாடத்திற்குத் தள்ளியது. இரண்டையும் ஒரே அரசுதான் செய்தது. இந்த முரணைப் பேச ஆசிரியருக்கு இடமில்லை. பயிற்சிக் கல்லூரியில் அவர் மாணவர். ஆய்வாளர் முன்னிலையில் அவர் குற்றவாளி.

அந்த இடத்தை அவர்களே உருவாக்கிக்கொண்டது 1895இல். அந்த ஆண்டு நிறுவப்பட்ட சென்னை ஆசிரியர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி. பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் இந்தியாவின் பிரதிநிதியாகவும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் அறியப்பட்டவர். 1907இல் இந்திய ஊழியர் சங்கத்தில் சேரும்வரை அவர் பள்ளியாசிரியர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். திருவல்லிக்கேணிக் கூட்டுறவுச் சங்கத்தின் தோற்றத்திலும் 1904இல் அவருக்குப் பங்குண்டு. இரண்டையும் இணைத்தே காண வேண்டும். மாதச் சம்பளக்காரர்கள் அரிசி பருப்பைக் கூட்டாக வாங்கலாம் என்று கருதிய அதே நடுத்தர வர்க்கம், தொழிலறிவையும் கூட்டாகப் பெருக்கலாம் என்று கருதியது.

20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் தென்னிந்திய ஆசிரியர் சங்கம் தோன்றி, மாகாண அளவிலான கல்வி மாநாடுகளுக்கு அடித்தளமானது. மாநாடு என்றால் தலைமையுரை, வரவேற்புரை, தீர்மானங்கள் என்ற சடங்கு அதிலும் இருந்தது, மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்தத் தீர்மானங்கள் நிர்வாகப் பயிற்சிகள் என்றும் சேர்க்காத இரண்டைச் சேர்த்தன. தனியார் பள்ளி ஆசிரியரின் பணிப் பாதுகாப்பும் வைப்பு நிதியும் ஒரு பக்கம். தாய்மொழி வழிக் கல்வி, பாடத்திட்டம், தேர்வுச் சீர்திருத்தம் மறுபக்கம். கூலிப் பேச்சு தொழிற்சங்கத்திற்கு, கற்பித்தல் பேச்சு கல்லூரிக்கு என்ற இன்றைய பிரிவினை அவர்களுக்குத் தோன்றவில்லை. நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவர் இன்று புதிய முறையைச் சோதித்துப் பார்க்கமாட்டார் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். எழும்பூரில் பெல்லின் துணையாசிரியர்கள் மறுத்ததன் காரணமும் இதனருகில்தான் இருந்திருக்கும். 1925இல் கான்பூரில் அகில இந்தியக் கூட்டமைப்பு உருவானபோது தென்னிந்தியச் சங்கங்களுக்கு ஒரு தலைமுறை அனுபவம் இருந்தது.

விடுதலைக்குப் பின் காட்சி மீண்டும் மைசூருக்குத் திரும்புகிறது. 1955இல் இடைநிலைக் கல்விக்கான அகில இந்திய மன்றம் அமைந்து, பயிற்சிக் கல்லூரிகளில் விரிவாக்கத் துறைகள் தொடங்கப்பட்டன. பணியிலிருக்கும் ஆசிரியர் மீண்டும் கல்லூரிக்கு வந்து கருத்தரங்கிலும் பட்டறையிலும் பங்கேற்கும் வழக்கம் அப்போதுதான் பரவியது. 1963இல் ஆஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய நான்கிடங்களில் வட்டாரக் கல்வியியல் கல்லூரிகள் திறக்கப்பட்டன. மைசூர் நிறுவனம் மானசகங்கோத்திரியை ஒட்டி அமைந்தது. ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையிலிருந்து ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகியவற்றின் ஆசிரியர்கள் அங்கே ஒரே அறையில் அமர்வது இன்றும் தொடர்கிறது. தமிழ்நாட்டு அறிவியல் ஆசிரியரும் கேரள அறிவியல் ஆசிரியரும் தத்தம் பாடநூலை மேசைமேல் வைத்து ஒப்பிடும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் அமைவதில்லை. அங்கு சென்று வந்தவர்கள் பெரும்பாலும் நினைவுகூர்வது உரைகளை அன்று, உணவுக்கூடத்துப் பேச்சை.

1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி ஆணையம், ஒவ்வோர் ஆசிரியரும் ஐந்தாண்டுப் பணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று மாதம் பணியிடைக் கல்வி பெற வேண்டும் என்றது. அந்த அளவு என்றும் எட்டப்படவில்லை. எண்ணிக்கை பெருகியபோது நிர்வாகம் கண்ட தீர்வு அருவி முறை. மாநில அளவில் சிலர் பயில்வர். அவர்கள் மாவட்டக் கருத்தாளருக்கு, மாவட்டக் கருத்தாளர் வட்டாரக் கருத்தாளருக்கு, அவர்கள் ஆசிரியருக்கு. அனைவருக்கும் கல்வி இயக்கம் ஆண்டுக்கு 20 நாள் பயிற்சி என்று வகுத்தபோதும், 2019இல் நாடெங்கும் 42 இலட்சம் ஆசிரியரை இலக்காகக் கொண்டு நிஷ்டா திட்டம் தொடங்கியபோதும் இதுவே வழி. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரம் என்று நேரத்தை மட்டும் நிர்ணயித்தது.

அருவி முறையின் அமைப்பைச் சற்று உற்று நோக்கினால் அது எழும்பூரின் முறைதான் என்பது புலப்படும். நேற்று கற்றவர் இன்று கற்பிக்கிறார். பாடம் மேலிருந்து மாறாமல் இறங்க வேண்டும். இடையில் இருப்பவரின் தகுதி, கேட்டதை அப்படியே ஒப்புவிப்பது. ஒரே வேறுபாடு, பெல் சிறுவர்களை அவ்விடத்தில் வைத்தார். இன்று அங்கே இருபதாண்டு அனுபவமுள்ள ஆசிரியர்கள். ஐயம் எழுந்தால் கருத்தாளரின் விடை பெரும்பாலும், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்பதே. அது அவர் குற்றமன்று. அவர் சட்டாம்பிள்ளையாக நியமிக்கப்பட்டிருக்கிறார், அருகில் வாத்தியார் இல்லாமல்.

மாற்று நடந்திராத ஒன்றன்று. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், பின்னர் மாவட்டம் முழுவதும் பரவியது. அதன் உயிர்நாடி மாதக் கூட்டங்கள். சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடி, எந்தச் சோதனை வகுப்பில் தோற்றது, ஏன் தோற்றது என்று பேசினர். அந்தப் பேச்சு பாடநூலுக்குத் திரும்பிச் சென்றது. அத்தியாயங்கள் திருத்தி எழுதப்பட்டன. அருவியில் நீர் மேலே ஏறாது; இங்கே ஏறியது. முப்பது ஆண்டுகள் நடந்த அத்திட்டத்தை 2002இல் மாநில அரசு மூடியது. பயிற்சியில் ஆசிரியர் பேசலாம், பேச்சால் பாடநூலும் மாறலாம் என்றால், முறையை வகுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி எழுந்தே தீரும். அதைத் தாங்கும் நிர்வாகங்கள் குறைவு.

தமிழ்நாட்டில் குறுவள மையக் கூட்டம் என்ற அமைப்பு இருக்கிறது. பத்துப் பதினைந்து பள்ளிகளின் ஆசிரியர்கள் சனிக்கிழமைகளில் ஒரு பள்ளியில் கூடுகிறார்கள். அமைப்பின் அளவில் ஹோஷங்காபாதின் மாதக் கூட்டத்திற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. 1895இன் சங்கத்தாருக்கு இப்படி ஓர் ஏற்பாடு, அரசு அனுமதித்த நாளில், கனவாக இருந்திருக்கும். பொருள் நிரலை யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலும் அது காணொலியாகவோ ஒளிப்பட வில்லைகளாகவோ மேலிருந்து வருகிறது. வருகைப் பதிவும் நிழற்படமும் மேலே செல்கின்றன. நான்காம் வகுப்புப் பின்னத்தில் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்ற பேச்சு தேநீர் இடைவேளையில் நடக்கிறது.

1794இல் மைசூர் அரசவையைச் சேர்ந்த அந்த இருவருக்கும் கருவிகள் எதிரில் இருந்தன. கற்பித்தவனும் எதிரிலேயே இருந்தான். சோதனை பிழைத்தால் மீண்டும் செய்துகாட்டு என்று கேட்க அவர்களுக்கு நாட்கள் இருந்தன. மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல ஸ்மித்துக்கு அங்கே யாரும் இல்லை.